அரிசி வாளிக்குப் பின்னால் இருந்த தலைமயிர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஏழு தலையும் நான் இழுத்த தலை. எங்கள் பக்கத்தில் தலை வாருவதைத் தலை இழுப்பது என்றுதான் சொல்வோம். ஏழு பேரில் ஒருவர் தலையிலாவது பேன் இருக்கிறது என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லி அனுப்பியதில்லை. அதை முதலில் எழுதி வைக்க வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன். பூசைப் புத்தகத்தில் பாடமான செபங்களை வாசிப்பேன். பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து நிலாவெளியா மூதூரா என்று சொல்வேன். அதற்கு மேல் இல்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவள் என் கடைசி மகனின் மகள், பதினான்கு வயது. இந்தக் கதையில் வரப்போகிற மருமகள் அவளுடைய தாய். அதனால் அவள் எழுதும்போது பேனையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத்துத் தெரியாவிட்டாலும், நான் சொன்னது எவ்வளவு, அவள் எழுதியது எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தெரியும்.

என் தலைமயிரைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒன்பது வயதுக்குப் பிறகு அதில் கத்தரிக்கோல் பட்டதில்லை. அறுபது வயதிலும் அவிழ்த்துவிட்டுக் கதிரையில் இருந்தால், நுனி என் கீழே அகப்பட்டு இழுக்கும். என் கணவர் துறைமுகத்தில் கப்பலுக்கு வடம் கட்டுகிற வேலை செய்தவர். "உன்ர கொண்டையில ஒரு கப்பலைக் கட்டலாம்" என்று சொல்வார். வாய்விட்டு ஒருவரையும் புகழாத மனிதர் அதைச் சொன்னார். அவர் வாங்கித் தந்த கொம்புச் சீப்பு இன்னும் இருக்கிறது. அவர் இல்லை. இடம்பெயர்ந்து இரண்டு வருடம் அகதி முகாமில் கிடந்தோம். அங்கேயும் அந்தச் சீப்பும் அந்தக் கொண்டையும் என்னோடு இருந்தன.

எங்கள் வீட்டில் தலை இழுக்கும்போது வருகிற மயிரை ஒருவரும் எறிவதில்லை. விரலில் சுற்றி உருண்டையாக்கி, பால்மா வந்த தகர ரின் ஒன்றில் போட்டு மூடி வைப்போம். ரின் நிரம்பினால் எடுத்துக் கழுவி, நுனி பார்த்துக் கோத்து, சவுரி கட்டுவேன். என் மூன்று பெண் பிள்ளைகளும் கலியாணத்தன்று தாயின் தலைமயிரைத் தங்கள் பின்னலுக்குள் வைத்துக்கொண்டுதான் கோயில் படி ஏறினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. தலையிலிருந்து போன மயிர் வேறு ஆளின் கையில் அகப்படக் கூடாது. அகப்பட்டால் அதை வைத்துச் செய்வினை செய்வார்கள். கோயிலில் பூசை வைக்கிற சுவாமி இதைக் கேட்டால் ஏசுவார். ஆனாலும் சுவாமியின் தாயாரும் தன் மயிரை எறிந்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

போன மாரியில் எனக்குச் சிக்குன்குனியா காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஐந்தாறு நாளில் போய்விட்டது, மூட்டு நோவு போகவில்லை. வலது தோள் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது. கை காது மட்டும் வரும், அதற்கு மேல் ஏலாது. கோப்பையைத் தூக்கலாம், சிலுவை அடையாளம் போடலாம், தலை இழுக்க முடியாது. அறுபத்தைந்து வருடமாக என் தலையை நான் இழுத்தவள். இப்போது மருமகளின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருக்க வேண்டி வந்தது.

மருமகள் நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் கரைவலை இழுக்கிறவர். அவளும் கலியாணம் கட்டும் வரைக்கும் வலையில் சிக்கெடுத்து, கிழிந்த இடம் பொத்தி வளர்ந்தவள். அவளுடைய கை எனக்குப் பிடிக்காது. விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி, நுனியில் தோல் தடித்துக் கிடக்கும். வலை பிடித்த கை தலைமயிரையும் வலையென்றுதான் நினைக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். முதல் நாளே சொன்னேன்.

"பிள்ளை, இது கரைவலை இல்லை. பாத்து இழு."

"ஓம் மாமி. நான் மெல்லமாத்தான் இழுக்கிறன்."

"மெல்லமா இழுத்தால் சீப்பில சத்தம் ஏன் கேக்குது?"

"உங்கட சீப்பில ஒரு பல்லு வெடிச்சிருக்கு மாமி. அதுதான் கறகறக்குது."

அந்தச் சீப்பை அவள் குறை சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து சில நாளில் மயிர் உதிரத் தொடங்கியது. முதலில் சீப்பில், பிறகு தோளில், பிறகு சோற்றுக் கோப்பையில். ஒரு நாள் காலை சீப்பிலிருந்து வந்த உருண்டை, உள்ளங்கை நிறைகிற தேசிக்காய் அளவு இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ரின்னில் போட்டேன்.

என் தாயார் சொல்லிய வைத்தியம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். நாளுக்கு நூறு தரம் சீப்புப் போட வேண்டும். சீப்பு உச்சியில் பட்டால் வேருக்கு உறைக்கும், மயிர் வளரும். அப்படித்தான் எங்களை வளர்த்தார், அப்படித்தான் நான் ஏழு தலையையும் வளர்த்தேன். ஆகையால் மருமகளிடம் நூறு தரம் இழுக்கச் சொன்னேன். பேத்தி பக்கத்தில் நின்று எண்ணினாள். எழுபதுக்குப் பிறகு அவள் பாய்ந்து எண்ணுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எழுது பிள்ளை, அதையும் எழுது.

பத்து நாள் நூறு நூறாக இழுத்தும் ஒன்றும் வளரவில்லை. நடு உச்சியில் தோல் தெரியத் தொடங்கியது. அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தால், விளக்குமாற்றால் கூட்டிய முற்றம் மாதிரி வகிடு அகன்று கிடந்தது. கோயிலுக்குப் போகும்போது முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டேன்.

கோயிலில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருக்கிற சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட நான்கு வயது இளமை. அவளுக்கு முக்காட்டுக்குள்ளும் கண் தெரியும்.

"அக்கா, தலையை ஆர் இழுக்கிறது?"

"மருமகள்தான்."

"அப்ப சரி. இழுத்துப் பிடுங்கிறா. நாளுக்கு நூறு தரம் எண்டால் செவ்வரத்தைச் செடியிலயும் இலை மிஞ்சாது. கொட்டுற மயிரை எல்லாம் எண்ணி உங்கட கையில தாறாவோ?"

"ரின்னில போடுறா."

"போடுறதை நீங்கள் பாக்கிறீங்களோ?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. அது போதும்.

அதற்குப் பிறகு நூறை நிறுத்தி இருபதாக்கினேன். அடுத்த நாளே உருண்டை சின்னதாகிவிட்டது, புளியங்கொட்டை அளவு. எனக்குச் சந்தோசம். இரண்டாம் நாளும் புளியங்கொட்டை. மூன்றாம் நாள் காலை தலையணையைப் பார்த்தேன். அதில் முந்தி எவ்வளவு கிடந்ததோ அவ்வளவு கிடந்தது. தலையணையில் குறையாமல் சீப்பில் மட்டும் எப்படிக் குறையும்? நான் படிக்காதவள். ஆனால் ஏழு பிள்ளைக்கு மீன் துண்டு பங்கிட்டவள். சட்டியில் இருந்தது கோப்பைக்கு வரவில்லை என்றால் நடுவில் ஒருவர் எடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் கதிரையை அலுமாரிக்கு நேராகப் போடச் சொன்னேன். வெளிச்சம் வேண்டும் என்று காரணம் சொன்னேன். கண்ணை மூடிச் செபம் சொல்கிறதுபோல் இருந்து, இமைக்குள்ளால் கண்ணாடியைப் பார்த்தேன். மருமகள் சீப்பிலிருந்து மயிரை உருவினாள். இரண்டாகப் பிரித்தாள். பெரிய பங்கைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். சின்னப் பங்கை விரலில் சுற்றி, "இண்டைக்கு நல்லாக் குறைவு மாமி" என்று என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கினேன். ரின்னில் போட்டேன். "ஓம், குறைவுதான்" என்றேன்.

மூன்று கிழமை நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் பதினாறு வருடமாக என் கையால் சாப்பிட்டவள், என் மயிரை எங்கே கொண்டுபோகிறாள்? நிலாவெளிக்குத் தாய் வீட்டுக்குப் போனாள் என்றால் பையைப் பார்த்தேன். திரும்பி வந்தாள் என்றால் முகத்தைப் பார்த்தேன். ஒருநாள் அவள் ஒரு செய்வினைத் தகட்டில் என் மயிரைச் சுற்றிக் கடற்கரையில் புதைக்கிறதாகக் கனவும் கண்டேன்.

ஒரு ஞாயிறு அவளைப் பூசைக்கு அனுப்பிவிட்டு, தோள் நோவென்று நான் வீட்டில் நின்றேன். முதலில் அவளுடைய உடுப்பு அலுமாரியைப் பார்த்தேன், இல்லை. சுவரில் இருந்த படத்துக்குப் பின்னால் பார்த்தேன், இல்லை. கடைசியில் குசினியில், அரிசி வாளிக்குப் பின்னால், ஒரு சொப்பிங் பை. முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே முழுவதும் என் தலைமயிர். நரையும் கறுப்பும் கலந்து, எண்ணெய் மணத்தோடு.

அதை நான் அங்கே விட்டுவிடவில்லை. எடுத்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் செபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவள் பூசை முடிந்து வந்தாள். மீன் வெட்டினாள். அரிசி எடுக்கப் போனாள். வாளியைத் திறந்த சத்தம் கேட்டது, மூடிய சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது.

பின்னேரம் சீப்போடு வந்தாள். நான் கையை நீட்டிச் சீப்பை வாங்கிக்கொண்டேன்.

"இனி என்ர தலையில நீ கை வைக்க வேண்டாம்."

"ஏன் மாமி?"

"ஏனெண்டு உனக்குத் தெரியும்."

அவள் என் கழுத்தில் கிடந்த திறப்பைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். பிழை செய்தவள்தான் பேசாமல் போவாள் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். சீப்பே படாவிட்டால் மயிர் எப்படிப் போகும்? கட்டின கொண்டையை அவிழ்க்காமல், சீப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டினேன். மேலோடு எண்ணெயைத் தடவிக்கொள்வேன். அவ்வளவுதான். ஒரு கிழமை போனது. தலையணையில் ஒரு மயிர் இல்லை. தோளில் இல்லை. கோப்பையில் இல்லை. நான் கோயில் வாங்கில் நிமிர்ந்து இருந்தேன்.

"நிண்டுபோச்சு" என்று சிநேகிதியிடம் சொன்னேன்.

"நான் சொன்னனான்தானே அக்கா. சீப்பும் ஆளும்தான் காரணம்."

இரண்டாம் கிழமை தலை கடிக்கத் தொடங்கியது. இடது கையை விட்டுச் சொறிந்தால், பிடரியில் விரல் போகவில்லை. ஊறப்போட்ட தேங்காய்த் தும்பு மாதிரி ஒரு கட்டி. நாளுக்கு நாள் அது மேலே ஏறியது. மூன்றாம் கிழமை கொண்டை எது, கட்டி எது என்று தெரியவில்லை. தலையைத் திருப்பினால் எல்லாம் ஒன்றாகத் திரும்பியது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மருமகள் சோற்றை வைத்துவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் துணியை இன்னும் இறுக்குவேன்.

தோளுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில்தான் பிடிபட்டேன். டொக்டர் ஒரு சின்னப் பெண் பிள்ளை. கழுத்தைப் பார்க்க வேண்டும், துணியை எடுங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். மருமகள் பக்கத்தில் நின்றாள். டொக்டர் தானே எடுத்துவிட்டார்.

"அம்மா, எத்தனை நாளாத் தலை இழுக்கேல்லை?"

"மூண்டு கிழமை. இழுத்தால் கொட்டுது. இழுக்காமல் விட்டன், நிண்டுபோச்சு."

"நிக்கேல்லை அம்மா. கொட்டினது எல்லாம் உள்ளுக்க அகப்பட்டுக் கிடக்குது. வெளியில விழ வழி இல்லை." அவர் என் மருந்துத் துண்டை வாசித்தார். "மாரியில காய்ச்சல் வந்ததெண்டு இருக்கு. கடும் காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு மூண்டு மாதத்தில இப்பிடிக் கொட்டும். பிறகு தானா முளைக்கும். சீப்பு எடுக்கிறது முந்தியே கழண்ட மயிரைத்தான்."

"அப்ப நூறு தரம் இழுத்தால் வளராதோ?"

"வளராது. முறுக்கி இழுத்தால் அறும், அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் பிள்ளையின் கதை பிடிக்கவில்லை. சீப்பு வளர்க்கவும் மாட்டாதாம், கொட்டவும் மாட்டாதாம். அப்படியென்றால் அறுபத்தைந்து வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மருமகளும் டொக்டரும் கண்ணால் ஏதும் கதைத்தார்களோ என்று பார்த்தேன். இல்லை. பக்கத்தில் நின்ற தாதி என் பிடரியைத் தொட்டுப் பார்த்து, "இதைப் பிரிக்க ஏலாது அம்மம்மா, வெட்டத்தான் வேணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனும் அதையே சொன்னான். அவன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். எல்லாவற்றையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் அலுவல் முடிந்தது என்று நினைப்பான்.

"அம்மா, வெட்டினால் காத்துப் படும், சுகமா இருக்கும். மயிர்தானே, திரும்ப வரும்."

"எழுபத்தாறு வயதில எது திரும்ப வாறது?" என்று கேட்டேன். அவன் சனிக்கிழமை கத்தரிக்கோலோடு ஒரு பெண்ணைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அன்றைக்குப் புதன்.

நான் கதிரையில் இருந்தேன். ஒன்பது வயதில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபின் மயிர் கையோடு வந்தது. அப்போது தாயார் என்னை முற்றத்தில் இருத்தி மொட்டையடித்தார். அது நினைவு வந்தது. மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போய்ச் சிரிப்புக் கேட்டது நினைவு வந்தது. அந்தக் காய்ச்சலில் ஒருவரும் எனக்குத் தலை இழுக்கவில்லை, பாயோடு கிடந்தவளுக்கு யார் இழுப்பார்கள் என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது. சீப்புப் படாமலே கொட்டிய மயிர் அது. அந்த நினைவை நான் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

மருமகள் வந்து முன்னால் குந்தினாள்.

"மாமி, நான் எடுத்துப் பாக்கட்டோ? சனிக்கு மூண்டு நாள் இருக்கு."

"நீயோ?"

"இதைவிட மோசமாச் சுத்தின வலை எல்லாம் எடுத்திருக்கிறன். ஒரு இழை அறுத்தாலும் அப்பா சோறு தரமாட்டார்."

நான் யோசித்தேன். ஒரு பக்கம் கத்தரிக்கோல், மறுபக்கம் இவள். கடைசியில் மூன்று நிபந்தனை சொன்னேன். கீழே வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். ஒரு மயிரும் அந்தத் துணியைத் தாண்டக் கூடாது. பேத்தி பக்கத்தில் இருந்து தாயின் கையையே பார்க்க வேண்டும்.

"அப்பம்மா, நான் என்ன பொலிஸோ?" என்று பேத்தி கேட்டாள்.

"ஓம். கதிரையைக் கொண்டு வா."

முதல் நாள் அவள் சீப்பையே எடுக்கவில்லை. தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கட்டியில் ஊற்றி, விரலால் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் சும்மா இருக்கவில்லை, ஏசிக்கொண்டே இருந்தேன். அவள் கட்டியின் நடுவில் கையே வைக்கவில்லை. ஓரத்தில் தொங்குகிற நுனிகளைத்தான் ஒவ்வொன்றாக இளக்கினாள்.

"ஏன் நடுவை விட்டுட்டு ஓரத்தில விளையாடுறாய்?"

"நடுவில கை வைச்சால் இறுகும் மாமி. வலையிலயும் அப்பிடித்தான். வெளியால தொங்கிறதை முதல் விடுவிக்க வேணும். பிறகு நடு தன்ரபாட்டில தளரும்."

அவளுடைய இடது கை மயிரை வேருக்குக் கிட்டப் பிடித்திருந்தது. வலது கை என்ன இழுத்தாலும் என் தோலுக்கு வரவில்லை. இவ்வளவு காலமும் அவள் அப்படித்தான் பிடித்தாளா என்று நான் யோசித்துப் பார்த்தேன். பிடித்திருக்கிறாள். நான் சீப்பின் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன், நோவு இருந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் பாதிக் கட்டி விட்டுவிட்டது. துணியில் மயிர் குவிந்தது. பேத்தி தூங்கி விழுந்தாள். நல்ல பொலிஸ். அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் ஒளிச்சனீ?"

அவளுடைய கை நிற்கவில்லை.

"நீங்கள் அழுவீங்கள் எண்டு."

"நான் எப்ப அழுதனான்?"

"தேசிக்காய் அளவு வந்த அண்டைக்கு. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுச் சீலைத் தலைப்பால துடைச்சனீங்கள். நீங்கள் நூறை இருபதாக்கின நாளில இருந்து, அதாலதான் குறைஞ்சதெண்டு நினைப்பீங்கள் எண்டு பாதியை எடுத்து வைச்சனான்."

"எறிஞ்சிருக்கலாமே?"

"உங்கட மயிரை எறிஞ்சால் நீங்கள் என்னை உயிரோட விடுவீங்களோ? சவுரிக்கெண்டு சேர்க்கிறனீங்கள். உங்களுக்குச் சுகம் வந்த பிறகு தரலாம் எண்டு வைச்சனான். அரிசி வாளிக்குப் பின்னால நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் எல்லா இடமும் வருவன்" என்றேன்.

"அது இப்ப தெரியுது மாமி."

அவள் சிரித்தாளா என்று கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. கதிரை அன்றைக்கு மறுபக்கம் பார்த்துப் போட்டிருந்தது.

ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. வெள்ளி காலையில் கடைசிச் சிக்கும் விட்டது. முழு மயிரும் முதுகில் விழுந்தது. மெலிந்துதான் விழுந்தது, ஆனாலும் இடுப்பு வரைக்கும் விழுந்தது. நான் கழுத்திலிருந்த திறப்பை எடுத்து, அலுமாரியைத் திறந்து, அந்தச் சொப்பிங் பையைக் கொண்டுவந்தேன். அவள் மூன்று கிழமை இழுத்து ஒளித்த மயிர் அதில். அதே நாட்களில் எனக்குக் காட்டிய புளியங்கொட்டைகள் ரின்னில் மேலாகக் கிடந்தன. அவற்றையும் எண்ணிப் பார்த்து எடுத்துச் சேர்த்தேன். வெள்ளைத் துணியில் கிடந்தது மூன்று கிழமை சீப்பே படாத மயிர். அதை எண்ணெய் போகக் கழுவி, முற்றத்தில் காயவைத்து, அதையும் ஒரு உருண்டையாக்கினேன். சீப்புத்தான் கொட்டச் செய்தது என்றால் ஒளித்த உருண்டை பெரிதாக இருக்க வேண்டும். அது பெரிதென்றால் சனிக்கிழமை நான் இந்த வீட்டில் அவள்மேல் ஒரு வழக்கு வைத்திருப்பேன்.

இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தேன். கையை மாற்றிப் பார்த்தேன். என் தோளை நம்பாமல், பேத்தியைக் கண்ணை மூடச் சொல்லி அவள் கையில் வைத்தேன்.

"எது பெரிசு?"

"ரெண்டும் ஒண்டுதான் அப்பம்மா. இது கொஞ்சம் பெரிசு."

அவள் சொன்ன "இது", சீப்புப் படாத உருண்டை. அதில் அறுந்த துண்டுகளும் கிடந்தன, இறுக்கிக் கட்டினதில் அறுந்தவை. அதாவது சீப்பை நிறுத்தி நான் ஒரு மயிரையும் மிச்சம் பிடிக்கவில்லை, கொஞ்சம் கூடவே இழந்திருக்கிறேன். பேத்தி தாயின் பக்கம் சாய்ந்து சொல்கிறாளோ என்று திரும்ப ஒருமுறை, கையை மாற்றி வைத்துக் கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

மருமகள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். நான் இரண்டு உருண்டையையும் ஒன்றாக்கி ரின்னில் போட்டு மூடினேன்.

"சனிக்கிழமை ஆரும் வரத் தேவையில்லை எண்டு உன்ர மனுசனுக்குச் சொல்லு" என்றேன்.

"ஓம் மாமி."

இப்போது மாரி போய், வெயிலோடு கச்சான் காற்று வீசுகிற காலம். தினமும் பின்னேரம் அவள்தான் தலை இழுக்கிறாள். நூறும் இல்லை, ஐம்பதும் இல்லை, சிக்குப் போனால் நிறுத்திவிடுகிறாள். வெடித்த பல்லைத் தேய்த்துத் தந்தாள், கொம்புச் சீப்பு இப்போது கறகறப்பதில்லை. உருண்டை திரும்பவும் புளியங்கொட்டை அளவுக்கு வந்திருக்கிறது. தலையணையையும் பார்க்கிறேன். இந்த முறை தலையணையிலும் குறைவு. வகிட்டோரம் புது மயிர் முளைத்திருக்கிறது என்று மருமகள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். அது யாருடைய தலை என்று எனக்கு எப்படித் தெரியும்? விரலால் தடவிப் பார்த்தேன். நாற்று மாதிரிக் குத்தியது. அதன் பிறகுதான் படத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னேன். கோயில் சிநேகிதியிடம், அவளுடைய தலையை யார் இழுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். தானேதான் இழுக்கிறாளாம். அவளுக்கும் கொட்டுகிறது.

ஒன்று மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. பையை எடுத்துப் பூட்டிய அன்றைக்கு அவள் அரிசி வாளியை மூடப் பிந்தினாளே, அந்த நேரம் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். பதினாறு வருடமாக என் கையால் சாப்பிட்டவள் என்று மேலே சொன்னேன். இந்த மூன்று வருடமாக அவள் கையால் நான்தான் சாப்பிடுகிறேன். அதையும் அந்த இடத்தில் சேர்த்து எழுது பிள்ளை. இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுது.

முடிந்ததா? இப்போது முதலிலிருந்து வாசி. நான் சொல்லாத ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. உன் அம்மாவுக்காக எதையும் குறைத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கூட்டியிருந்தால், பரவாயில்லை, இருக்கட்டும். மெதுவாக வாசி, ஆனால் சத்தமாக வாசி. அம்மா குசினியில் தேங்காய் திருவுகிறாள், திருவலைச் சத்தத்துக்கு மேலால் கேட்க வேண்டும். வயதிலிருந்து தொடங்கு.